எது துப்பாக்கி

"வெண்டெல், சுத்தி வளைக்காம சொல்லு. இதுல எது துப்பாக்கி?"

ஆர்டித் லோஃப்டிஸ் பழைய போர்வையைப் பிரித்து, போன மாதம் செத்துப்போன அப்பாவின் ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைக் கடை மேசைமேல் வைத்தாள். மேற்கு வர்ஜீனியாவில் லிக் ஃபோர்க் பள்ளத்தாக்கு முழுவதற்கும் துப்பாக்கிக் கடை இது ஒன்றுதான். மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை நெருங்கிவிட்டதால் உள்ளே நிற்க இடமில்லை.

வெண்டெல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "முழுசும்தான் துப்பாக்கி. இது என்ன கேள்வி?"

"என் தம்பி டோர்ஸி ஜெயில்லேர்ந்து வந்துட்டான்ல. அவன் துப்பாக்கியத் தொடக் கூடாது, அவன் இருக்கற வீட்லயும் இருக்கக் கூடாதாம். ஆனா எங்க வீட்ல அப்பன் செத்த வருஷம் அந்த அப்பனோட துப்பாக்கி வாசக்கதவுக்கு மேல தொங்கணும். எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் தொங்குச்சு. அதான், துப்பாக்கியா இல்லாம பண்ணிட்டுத் தொங்க விடலாம்னு பாக்கறேன்."

"சட்டப்படி நம்பர் அடிச்ச இரும்பு எதுவோ அதான் துப்பாக்கி. மத்தது உதிரி. இதுல நம்பரே இல்லியே. அந்தக் காலத்துச் சரக்கு."

"அப்ப இது துப்பாக்கியே இல்லியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

தோட்டா வாங்க நின்றவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"குழல்தான் துப்பாக்கி. குழல் இல்லாம எதுல சுடுவ, மூக்குலயா?"

"அட மடையா, விசை இருக்கற கூடுதான்டா."

"என் பொண்டாட்டி வாய்தான்யா துப்பாக்கி. அதுக்கு ஒருத்தனும் தடை போட மாட்டேங்கறான்."

கடையே சிரித்தது. ஆர்டித் சிரிக்கவில்லை. வெண்டெல் துப்பாக்கியை மடக்கித் திறந்து உள்ளே பார்த்தான்.

"தோட்டாவத் தட்டற ஊசியே ஒடஞ்சு கிடக்கு. இது சுட்டு எத்தனையோ வருஷம் ஆயிருக்கும். பேசாம யாருக்காவது குடுத்துடு ஆர்டித். வாஷிங்டன்காரன் போன வருஷம் ஒண்ணு சொன்னான், இந்த வருஷம் வேற சொல்றான். எதுலயும் என் பேர இழுத்து விட்டுடாத."

"யாருக்குக் குடுக்க? சித்தப்பா மவனுக்கா? வித்து போதை மாத்திரை வாங்கித் தின்னுடுவான். ஒரு ஹாக்சா பிளேடு குடு."

வீட்டில் டோர்ஸி அடுப்பில் அவரையும் பன்றிக்கறியும் வேகவைத்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டவன். வலிக்குத் தின்ற மாத்திரையை அப்புறம் விற்கவும் செய்து, அதற்காக உள்ளே போனவன். இன்னும் மூன்று வருஷம் கண்காணிப்பு.

கொட்டகையில் இரும்பு அறுபடும் சத்தம் கேட்டு, எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா பண்ற? அப்பா எந்திரிச்சு வந்துடப் போறாரு."

"வந்தா நீயே பதில் சொல்லு. கிட்ட வராத. தொடாத. தள்ளி நில்லு."

"எதுக்கு அத அறுக்கற?"

"குழல் இல்லாத துப்பாக்கி துப்பாக்கியாடா? அரை ஆள் சோறு திம்பானா?"

பாதிக் குழல் தரையில் விழுந்தது. அதைத் தோட்டத்தில் அடுத்த வருஷத்து அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டாள். மீதியை வாசலுக்கு மேலே மாட்டினாள். திங்கட்கிழமை விடிந்ததும் மலையெல்லாம் வெடிச்சத்தம் கேட்டது. அக்காவும் தம்பியும் அதன் கீழே நின்று காப்பி குடித்தார்கள். அவ்வளவுதான் சடங்கு.

அதே வாரம் கண்காணிப்பு அதிகாரி மிஸ் ரேமி வந்தாள். நல்ல மாதிரிப் பெண். வரும்போதெல்லாம் அவன் முதுகைப் பற்றி விசாரிப்பாள். அன்றைக்கு வாசலைத் தாண்டியவள் மேலே பார்த்து அப்படியே நின்றாள்.

"டோர்ஸி, என்ன இது?"

"அப்பாவுது மேடம். செத்த துப்பாக்கி. ஊசி இல்ல, குழலும் இல்ல."

"குழல் இருக்கே. குட்டையா இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன், பாதிய எடுத்தாச்சு."

மிஸ் ரேமி நாற்காலியில் உட்கார்ந்தாள். "விசை இருக்கற அந்த இரும்புக் கூடு மட்டும் இருந்தாலே துப்பாக்கிதான்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. குழல் வெறும் பைப்பு, அத யாரு வேணா வச்சிக்கலாம். ஆனா வேட்டைத் துப்பாக்கில அந்தப் பைப்ப அறுத்துக் குட்டையாக்கினா, அது தடை பண்ண ஆயுதம். ஒளிச்சு வச்சுச் சுடறதுக்குத் திருடங்க பண்ற வேலை அது. அறுத்தவங்களுக்குப் பத்து வருஷம் வரைக்கும் போடலாம்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"அப்படியே விட்டிருந்தா?" என்றாள் ஆர்டித்.

"அப்பவும் குத்தம்தான். ஆனா ஒண்ணுதான். இப்ப ரெண்டு." அவள் குரல் இறங்கியது. "பாக்காத மாதிரி போயிருப்பேன். ஆனா வாசல்ல இன்னொரு ஆபீசர் நிக்கறாரு, அவரும் பாத்துட்டாரு. யாரு அறுத்தது?"

ஆர்டித் வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றான் டோர்ஸி.

அரசாங்கம் அமர்த்திக்கொடுத்த வக்கீல் தாக்ஸ்டனின் அறையில் ஆர்டித் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல அது துப்பாக்கியா இல்லியா, அதச் சொல்லுங்க சார்."

"தெரியாது."

"நீங்க வக்கீலுதான?"

"வக்கீலா இருக்கறதாலதான் தெரியாதுங்கறேன். ஒடஞ்சத சுளுவா சரிபண்ண முடியும்னா அது துப்பாக்கி. சுளுவுன்னா எவ்வளவு சுளுவு? ஒரு கோர்ட்டு, மணிக்கணக்குல முடியணும்னுச்சு. இன்னொண்ணு, பட்டறையில ஒரு வாரம் ஆனாலும் சுளுவுதான்னுச்சு. உங்கள்து ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கு. அங்க இருக்கற ஆளு புது ஊசி செஞ்சு போட்டு ஒரு தடவ வெடிச்சாப் போதும், துப்பாக்கி. வெடிக்கலன்னா நமக்குக் கொஞ்சம் வழி இருக்கு."

"அப்ப அது வரட்டும்."

"அதுக்குள்ள எதிர்ப்பக்கத்து அரசாங்க வக்கீல் ஒரு பேரம் பேசறாரு. முடிவு வர்றதுக்கு முன்னாடியே டோர்ஸி ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷம், அதோட முடிஞ்சுது. எதுத்து நின்னா உங்களயும் வழக்குல சேத்துடுவாரு. நீங்க கடையில பேசினத ஊரே கேட்டிருக்கு. பிளேடு வாங்கினதும் நீங்க."

ஜெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டோர்ஸி போனை எடுத்தான்.

"நான்தான் அறுத்தேன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிடப் போறேன்டா" என்றாள் ஆர்டித்.

"சொல்லி? என்னய விட்டுடுவானா? உன்னயும் சேத்துப் போடுவான். வீட்ல ஆளில்லாம குளிர்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும், பூனை சாவும்."

"பூனையா இப்ப முக்கியம்?"

"ரெண்டு வருஷம்தான்க்கா. படுத்து எந்திரிச்சா ஓடிடும்."

"உன் முதுக வச்சுக்கிட்டு அந்த இரும்புக் கட்டில்ல நீ எங்கடா படுக்கறது?"

அவன் போனை வைத்தான்.

நீதிமன்றத்தில் நீதிபதி ஒரு பெண்மணி. ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்திக் கேட்டார்.

"உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லங்கம்மா."

"குழல அறுத்தது நீங்கதானே?"

"நான்தாங்கம்மா."

"உங்க வீட்ல இருந்த அந்தப் பொருள் துப்பாக்கின்னு உங்களுக்குத் தெரியுமா?"

டோர்ஸி வக்கீலைப் பார்த்தான். தாக்ஸ்டன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத் தெரியுங்கம்மா."

"அப்பவே தெரியுமான்னு கேக்கறேன். தெரியாதுன்னா இந்த ஒப்புதல நான் ஏத்துக்க முடியாது."

பின் பெஞ்சில் ஆர்டித் பாதி எழுந்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டது மட்டும் கேட்டிருக்கும்.

"தெரியுங்கம்மா. அப்பவே தெரியும்."

அவனைப் பக்கக் கதவு வழியாகக் கூட்டிப்போனார்கள். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான்.

தாழ்வாரத்தில் ஆர்டித் வக்கீலை மறித்தாள்.

"அந்த ஆய்வுக்கூடத்து ஆளு என்ன சொன்னாரு?"

"இன்னும் பெட்டியப் பிரிக்கவே இல்லியாம். முன்னாடி நெறைய இருக்காம்."

"எப்பப் பிரிப்பாரு?"

"இனிமே எதுக்குப் பிரிக்கணும்? துப்பாக்கின்னு ஒத்துக்கிட்டாச்சே. அப்படியே அழிச்சிடுவாங்க."

"அப்ப வெடிக்குமா வெடிக்காதான்னு..."

"யாரும் பாக்க மாட்டாங்க."

அடுத்த வழக்குக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டார்.

"மலைப்பாதையில பனி கொட்டுதாம். இருட்டறதுக்குள்ள போய்ச் சேருங்க."