அவர் பேசி முடிக்கட்டுங்க

1

இந்த மனுஷன் மூச்சு வாங்குகிற இடத்தில் மூடிவிடலாம். இதோ வாங்கப்போகிறார். இல்லை, எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக் காட்டுகிறார். காட்டிவிட்டுக் கட்டாயம் நிறுத்துவார். நிறுத்தினதும் மூடிவிடலாம். அதுவரைக்கும் பேசுகிற ஆள் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி, எப்படி?

இது குழந்தையம்மாளின் மனதுக்குள் ஓடியது.

உண்மையில் இது என் மனதுக்குள் ஓடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துடியலூரில் என் மேசையில் நடந்தது. நான் தமிழில் தட்டச்சு செய்யப் பழகிய இணையப்பக்கம் ஒன்று இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். ஒரு பழைய பிரவுசரில் மட்டும்தான் திறக்கும். அந்தப் பிரவுசரின் வலது மூலையில், கூப்பிடாமலேயே ஒரு வீடியோவும் திறக்கும். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பி, "வணக்கம்ங்க. உங்க பொன்னான நேரத்துல ரெண்டே ரெண்டு நிமிசம் எனக்காக ஒதுக்குவீங்களாங்க?" என்று கேட்பார். மூட்டுவலி எண்ணெய் விற்கிறார்.

எனக்கு மூட்டுவலி கிடையாது. ஆனாலும் ஒதுக்கினேன். பெங்களூரிலிருந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்த என் மகள் ஹர்ஷிணி, பின்னால் கேட்கிற குரல் யாருடையது என்று விசாரித்தாள். சொன்னேன்.

"மூடும்மா அதை."

"பேசிட்டிருக்காருல்ல."

"அம்மா, அவருக்கு நீ இருக்கறதே தெரியாது."

"தெரியாதுன்னா? நடுவுல மூடிடறதா?"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் எழுதுகிறவர்கள் செய்கிற வேலையைச் செய்தேன். என் வழக்கத்தைக் கழற்றிப் பல்லடத்துப் பக்கம் இருக்கிற, இல்லாத ஒரு பெண்ணுக்கு மாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றும் ஊரொன்றில், குழந்தையம்மாள் கோழி ஷெட்டின் படுதாவை விலக்கி உள்ளே காலெடுத்து வைத்தபோது ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே சமயத்தில்

(வந்துவிட்டார். கட்டம்போட்ட சட்டை. முடியட்டும்.)

குஞ்சுகள் ஒரே சமயத்தில் என்ன செய்தன என்பது மறந்துவிட்டது. நல்ல வினைச்சொல் ஒன்று வைத்திருந்தேன். எண்ணெயோடு போயிற்று.

இரண்டாம் தொடக்கம்:

குழந்தையம்மாளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கணவர் இறந்தபின் இரண்டு கோழி ஷெட்டுகளையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள்.

அழகில்லை. ஆனால் முழுமையாக இருக்கிறது, அதனால் இதையே வைத்துக்கொள்வோம். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். வளர்ப்பது அவள். வளர்ந்ததும் கம்பெனி லாரியே வந்து பிடித்துப்போகும். அன்றாடம் எத்தனை கோழி செத்தது, எத்தனை மூட்டை தீவனம் போனது என்பதை மதியம் பன்னிரண்டுக்குள் கம்பெனியின் இணையப்பக்கத்தில் அவள் ஏற்றவேண்டும். அந்தப் பக்கமும் பழைய பிரவுசரில் மட்டும்தான் திறக்கும்.*

இந்தப் பேட்ச்சில் இரண்டு நாள் ஏற்றாமல் விட்டுவிட்டாள். இன்னொரு நாள் விட்டால் அடுத்த பேட்ச் குஞ்சு இறங்காது. சூப்பர்வைசர் இதை மிகுந்த மரியாதையோடு, அவள் கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். குஞ்சு இறங்காவிட்டால் அவளுக்கு இருப்பது இரண்டு நீளமான கூரைகள் மட்டும்.

* ஏனென்றால் அதைச் செய்துகொடுத்தவர் கனடா போய்விட்டார். இது என் கற்பனை. ஆனால் எந்த ஆபீசில் விசாரித்தாலும் செய்துகொடுத்தவர் கனடாவில்தான் இருக்கிறார்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஷெட்டுக்குள் பாம்பு வந்தால் மண்வெட்டியைத் தேடுகிறவள், தீவன மூட்டையைத் தன் தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்துத்தான் இறக்கவிடுகிறவள், ஒரு வீடியோவை மூட முடியாமல் இருப்பாளா? நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. காய் நறுக்கிக்கொண்டே அவளிடமே கேட்டேன்.

"ஏனுங்க குழந்தையம்மா, அதை மூடிப்போட வேண்டியதுதானே?"

"மூடிப்போட்டேனுங்க. மூடுனா இன்னொண்ணு தொறக்குது. அதுலயும் அவருதான். உட்ட எடத்துலிருந்து பேசுனாலும் பரவால்லீங்க, மறுக்கா மொதல்லிருந்து வணக்கங்கிறாரு. எனக்கே சங்கடமாப் போச்சு."

"அது ஆள் இல்லீங்க. எப்பவோ பதிவு பண்ணினது."

"அதுகூடத் தெரியாதுங்களா எனக்கு? ஆளு இல்லாட்டிப் போகுது, பேச்சு இருக்குதில்லீங்க?"

கத்தரிக்காய் கறுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் 'வேண்டாம்' என்ற சொல் உண்டு. ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு இரண்டாம் தடவை பரிமாற வரும்போதுதான் பயன்படுத்துகிறோம். அப்போதும் அதை யாரும் நம்புவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் 'பாக்கலாமுங்க' இருக்கிறது. முடியாது என்றாலும் பாக்கலாமுங்க. செத்தாலும் மாட்டேன் என்றாலும் பாக்கலாமுங்க, கூடவே ஒரு டம்ளர் காப்பி. கேட்டவர் போனபின், சொல்லாமல் விட்ட சொல் காலி டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நான் முழுதாகக் கேட்டுத் தலையாட்டிய பேச்சுகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டேன்.

4

இப்போது பாலுசாமி வரவேண்டும். இவர் குழந்தையம்மாளின் கணவருக்கு அண்ணன். அவளுக்கு மச்சாண்டார். மச்சாண்டார் வந்தால் தம்பி மனைவி உட்கார்ந்திருக்கக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முழங்கால் தானாக நிமிரும், அவ்வளவுதான்.

ஷெட்டை ஒட்டிய அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அது கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடக்கிறது. அவர் வருவார், அவள் எழுவாள், அவர் உட்காருவார். உட்கார்ந்து பேசுவார்.

"ஏம்மணி, உனக்கெதுக்கு இந்தப் பாடு? ஷெட்டை எம்பேருக்கு மாத்தி உட்டுப்போட்டு ஊட்ல உக்காந்து டிவி பாரு. மாசமானா நானே கொண்டாந்து குடுத்துப்போடறேன்."

"பாக்கலாமுங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்க முடியல உன்னால. கம்பெனிக்காரன் அடுத்த பேட்ச் எறக்க மாட்டானாமா."

அவருக்குப் பின்னால் நின்றபடி, அவர் தோளுக்கு மேலாக, திரையின் மூலையிலிருக்கிற கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதை எழுதியபோதுதான் எனக்கே புரிந்தது. அவள் விட்ட இரண்டு நாளும் இவர் வந்த நாட்கள். நான் இதுவரை எண்ணெய்க்காரர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்க்காரராவது நேரத்தைக் கேட்டு வாங்குகிறார். (மேலே போய்த் திருத்தலாம். ஆனால் அங்கே போனால் அவர் மறுபடி வணக்கம் சொல்வார்.)

5

மூன்றாவது முறையும் பாலுசாமி வந்தார். பதினொன்றரை இருக்கும். குழந்தையம்மாள் அப்போதுதான் பக்கத்தைத் திறந்திருந்தாள். உச்சியில் வழக்கமான மஞ்சள் பட்டை: இந்தப் பிரவுசருக்கு இனி ஆதரவு கிடையாது. தினமும் அதைப் படிப்பாள். கேக்க ஆளில்லாமப் போச்சாட்ட இருக்குது, பாவம், என்று நினைத்துக்கொள்வாள்.

வாசலில் செருப்புச் சத்தம். முழங்கால் நிமிர்ந்தது. அரைவாசி எழுந்துவிட்டாள்.

"வணக்கம்ங்க," என்றார் கட்டம்போட்ட சட்டைக்காரர். "உங்க பொன்னான நேரத்துல..."

அவள் அப்படியே நின்றாள், அரைவாசியில். ஒருவர் பேச ஆரம்பித்தபின் நாற்காலியை இழுத்துச் சத்தம் செய்வது மரியாதையில்லை. மச்சாண்டார் வந்தபின் உட்கார்ந்திருப்பதும் மரியாதையில்லை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் தொங்குவது? உட்கார்ந்துவிட்டாள்.

பாலுசாமி இதைக் கவனிக்கவில்லை. வாசற்படியிலேயே நின்று, திரையைப் பார்த்து, "வணக்கமுங்க," என்றார். கைகூட லேசாக உயர்ந்தது.

"யாரம்மணி இது?"

"எண்ணெய்க்காரருங்க. முட்டி வலிக்கு."

"அப்பிடியா? செரி, பேசட்டும்."

அவருக்கு நிஜமாகவே முட்டி வலி. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். புட்டி வந்த இடத்தில் ஓரடி முன்னால் வந்தார்.

"ரெண்டு முட்டிக்கும் ஒரே புட்டி போதுமான்னு கேளு."

"கேக்க முடியாதுங்க."

"ஏன், கோவிச்சுக்குவாரா?"

"அவருக்கு நாம இருக்கறது தெரியாதுங்க."

"நல்லாப் பேசறாரு மனுசன்," என்றார் பாலுசாமி.

வீடியோ மூலையை மட்டும்தான் மறைத்திருந்தது. குழந்தையம்மாள் செத்த கோழியை ஏற்றினாள். தீவனத்தை ஏற்றினாள். கடைசியாக அனுப்புகிற பொத்தானைத் தேடினால், அது எண்ணெய்க்காரரின் இடுப்புக்கு அடியில் இருந்தது.

மூடலாம். மூடினால் அவர் மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். அவள் மௌஸைப் பிடித்தபடி காத்திருந்தாள். இந்த வீடியோ முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அவளளவுக்கு இதை முழுதாகக் கேட்டவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்க முடியாது. எந்தச் சொல்லுக்குப் பின் கும்பிடுவார், எந்தக் கும்பிடுக்குப் பின் மறைவார் என்று மனப்பாடம்.

கும்பிட்டார். மறைந்தார். பொத்தான் தெரிந்தது.

"அப்பாடா," என்றார் பாலுசாமி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. "முட்டி நிக்க உடமாட்டீங்குது. எந்திரிம்மணி, உக்காந்து பேசிக்கலாம்."

6

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

அவள் எழுகிறாள், அவர் உட்காருகிறார், பன்னிரண்டு ஆகிறது. இதுதான் நடக்கக்கூடியது. இரவு தூக்கம் வராது, எனக்கு.

அல்லது எழுந்து நின்று அவரைப் பார்த்து ஒரு பக்க நீளத்துக்குப் பேசுகிறாள். எழுதிப் பார்த்தேன். உழைப்பு, உரிமை, இத்தனை வருட மௌனம் எல்லாம் வந்தது. பாதியில் என் எண்ணெய்க்காரர் வந்தார். வந்தது நல்லதாகப் போயிற்று.

ஹர்ஷிணி ஃபோனில் ஒரு முடிவு சொன்னாள்: "புது பிரவுசர் போட்டுக் குடும்மா அவங்களுக்கு." போட்டால் வீடியோ போய்விடும். கம்பெனிப் பக்கமும் போய்விடும், என் தட்டச்சுப் பக்கமும், அதிலிருக்கிற குழந்தையம்மாளும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், கொஞ்சம் சுருக்கி. ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும். ஆனால் அதற்கு அவள் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு சொன்னால் எடுபடாது. எழுந்திருங்க குழந்தையம்மா, என்றேன். கதை அப்படிக் கேட்கிறது.

"எந்திரி அம்மணி," என்றார் பாலுசாமியும்.

வேறு முடிவு வைத்திருந்தால் நீங்களும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். பழைய பிரவுசர், மெதுவாகத்தான் போகும். நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"இல்லீங்க," என்றாள், சத்தம் போடாமல். "நான் உக்காந்துக்கறனுங்க."