இவர் கற்றுக்கொண்ட பாஷை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எவன் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும், போட்டது போட்டபடி டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மூடிய கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன்" என்று உள்ளே இருப்பவர்களிடம் அத்தனை பொறுமையாகப் பேசுவாராம். அந்தப் பொறுமையில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

எங்களுக்கு ஒரே பையன். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய், குட்டி நாற்காலியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சைகை மொழி கற்றுக்கொண்டேன். இவரையும் கூப்பிட்டேன். "அதான் நீ இருக்கியே, எனக்கெதுக்கு?" என்றார். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நான்தான். இவர் வாயால் திட்டுவார், நான் கையால் திட்டுவேன். அவன் கையால் அடம் பிடிப்பான், நான் வாயால் அடம் பிடிப்பேன். இரண்டு பேர் முறைப்பும் எனக்குத்தான் கிடைக்கும்.

போன வருஷம் இவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு நீயும் பையனும்தான். மத்ததெல்லாம் அப்புறம்" என்று அழுதார். நானும் அழுதேன். வெளியே வந்ததும் நர்ஸ், "ஸ்டென்ட் வச்சவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்கம்மா, ஒரு மாசம் போனா சரியாயிடும்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஆனால் இவருக்குச் சரியாகவில்லை. வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். இந்த வயதில் என்ன கண்றாவியைப் பார்க்கிறாரோ என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

பையனுக்கு வேறு ஊரில், பல் செட் செய்யும் லேபில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில் அவன் பெட்டியைப் பூட்டிக் கூடத்தில் வைத்துவிட்டுக் காருக்காகக் காத்திருந்தான். இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"நீ சும்மா இரு. இன்னைக்கு நானே அவன்கிட்ட பேசறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் பையனுக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் உயர்த்திப் பேச ஆரம்பித்தார். நிறுத்தி, யோசித்து, மறுபடியும் முதலிலிருந்து. பையன் திருதிருவென்று விழித்தான். எனக்கும் ஒரு எழவும் புரியவில்லை.

"என்னங்க இது?"

"கை பாஷைதான். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். எங்கோ கடல் தாண்டிய தேசத்துப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது அவங்க நாட்டு பாஷைங்க. நம்மளது வேற."

"கை பாஷைன்னா உலகத்துக்கே ஒண்ணுதானே?"

"வாய் பாஷை ஊருக்கு ஊர் மாறலையா? இதுவும் அப்படித்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்கிட்டயே எத்தனை காலத்துக்குக் கேக்கறது?" என்றார் இவர்.

எனக்கு வந்த கோபம் அப்படியே அழுகையாகிவிட்டது. "சரி, அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னை மன்னிச்சிடு, இனிமே உன்கூடப் பேசணும்னு."

அதைக் கையால் சொன்னேன். பையன் இவரைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்துகிற மாதிரி உள்ளங்கையைத் தள்ளினான். நடக்கப் பழகிய வயதிலேயே இவருக்கு அவன் வைத்த பெயர் அது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவர். அப்புறம் கோபமே இல்லாமல், நிதானமாக என்னிடம் சொன்னான்: "சின்ன வயதில் அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. இப்போது எதுவும் இல்லை. இனி கஷ்டப்பட வேண்டாம் என்று சொல்."

"என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" இவர் என் தோளை உலுக்கினார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன்.

"ரொம்ப சந்தோஷமா இருக்காம். நிதானமாக் கத்துக்கோங்க, லீவுக்கு வரும்போது பேசலாம்ங்கறான்."

இவருக்கு முகமெல்லாம் பல். "முதல்ல இப்படித் தள்ளினானே, அது என்ன?"

"அதுதாங்க அப்பா."

அது ஒன்றுதான் உண்மை. இவர் காற்றில் இரண்டு முறை கதவைச் சாத்திப் பார்த்து, "அப்பா, அப்பா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

பையனைப் பார்த்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மீசைக்குள் முணுமுணுக்கிற இவர் பேச்சு அவனுக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. ஆனால் என் உதட்டைத் தொட்டில் நாளிலிருந்து படிக்கிறவன் அவன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அது மறந்தே போய்விட்டது.

அப்பாவுக்கு மனசு தாங்காது, அதனால்தான் என்று கையால் சொல்ல ஆரம்பித்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சொன்னதைச் சொன்னபடி எடுத்துச் சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றான்.

வாசலில் ஹாரன் அடித்தது.

"கார் வந்துடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் இவர்.

நான் கையைத் தூக்கினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.