ஜோலின் தூக்கிய வண்டி

என் தம்பி ராண்டல் மனசில் ஒன்று விழுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க ஆள் இன்னும் பிறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் விழுந்தது ஒரு இருநூற்றைம்பது சிசி பந்தய பைக். அவனுக்கு இல்லை, அவன் மகள் ஜோலினுக்கு.

அவளுக்குப் பதினாலு வயசு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். பழைய எண்பத்தைந்து சிசி குட்டி வண்டியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. ஓக்லஹோமாவின் இந்தப் பக்கத்து மண்பாதைகளில் அந்தக் குட்டி வண்டியை வைத்துக்கொண்டு பையன்களை அழ வைத்தவள் அவள். வண்டி மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதற்கு மாறுவது என்பதில்தான் ரகளை. நூற்றிருபத்தைந்து சிசி போதும் என்பது என் கட்சி.

"கோல்ட்டன் நேரா டூ-ஃபிஃப்டிக்குப் போயிட்டான். இவளும் போவா. வளர்ற பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிசா வாங்கினா என்ன?" என்றான் ராண்டல்.

"சட்டையைப் பெரிசா எடுத்தா கையை மடிச்சு விட்டுக்கலாம்டா. பைக்கை எங்க மடிப்ப?"

"உனக்கு என்னக்கா தெரியும்? நீ ஸ்கூல் பஸ் ஓட்டுறவ."

"ஆமாடா, நாப்பது குரங்கை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். நாப்பத்தோராவதா உன்னையும் ஏத்தலாம், இடம் இருக்கு."

ஜோலின் சிரித்தாள். ஆனால் அவள் ஆசையும் அதே பெரிய வண்டியில்தான் இருந்தது. காரணம் கோல்ட்டன். பக்கத்துப் பண்ணைப் பையன், அவள் வயசுதான், ஒரே வகுப்பு. பெட்ரோல் பங்கில் எங்கள் பிக்கப் வண்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"நூத்தி இருபத்தஞ்சு வாங்கப் போறியாமே? அது புல்லு வெட்டுற மெஷின்டி!"

"உன் வாலை ஒட்ட நறுக்க அது போதும்டா," என்றாள். வாய் அப்படிச் சொன்னது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், டூ-ஃபிஃப்டிக்கு என்ன விலை ஆகும் என்று கேட்டாள்.

ராண்டல் என்ன செய்தான் தெரியுமா? சர்ச்சில் கை குலுக்கியவர்களிடமெல்லாம், "என் பொண்ணு டூ-ஃபிஃப்டிக்குப் போறா" என்று சொல்லி வைத்தான். கொட்டகையில் உட்கார்ந்து தேவதாரு மரத்தில் ஒரு பலகைக் கட்டையும் செய்தான். பந்தயம் தொடங்கும் கேட்டில் கால் எட்டாத பிள்ளைகள் ஊன்றி நிற்பதற்கு அது. கேட் தரையில் சாய்ந்து வண்டிகள் கிளம்பியதும் அப்பன்மார்கள் ஓடிப்போய் அதை எடுத்துவிட வேண்டும். விளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவள் பந்தய எண்ணைச் சிவப்பில் எழுதியிருந்தான். அதைப் பார்த்த பிறகு எனக்கும் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

ஹாலிஸ் என்பவரின் பண்ணைக்கு மூவரும் போனோம். அவருடைய இரண்டு பையன்களும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் ஓட்டிய வண்டிகள் விலைக்கு நின்றன. ஒன்று அந்த இருநூற்றைம்பது, ஃபோர் ஸ்ட்ரோக். கனமானது. பட்டனை அமுக்கினால் உறுமும், கையைத் திருப்பினால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று நீல நிற நூற்றிருபத்தைந்து, டூ ஸ்ட்ரோக். இலேசானது. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். கியரும் கிளட்ச்சும் சரியாக விழவில்லையென்றால் அழுது வடியும். கொட்டகைக்குப் பின்னால் பையன்களுக்காக வெட்டிய செம்மண் பாதை அப்படியே இருந்தது.

"ரெண்டையும் ஓட்டிப் பாரு கண்ணு. கீழ போட்டாலும் பரவால்ல, அதுங்க விழாத நாளே கிடையாது," என்றார் ஹாலிஸ்.

ராண்டல் கடிகாரத்தோடு கொட்டகைப் பக்கம் நின்றான். எனக்கு வெயில் ஆகாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றை மர நிழலுக்குப் போய்விட்டேன். அதனால்தான் அவன் பார்க்காததை நான் பார்த்தேன்.

பெரிய வண்டியில் இரண்டு சுற்று வந்தாள். அடேயப்பா, என்ன வேகம்! மூன்றாவது சுற்றில், மேட்டுக்குப் பின்னால் சரிவாக இருந்த திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தாள். வண்டி அவள் கால்மேல் கிடந்தது. நான் வேலியில் ஒரு காலைப் போட்டுவிட்டேன்.

"வராதீங்க அத்தை! பந்தயத்துல வருவீங்களா?"

அப்படியே நின்றேன். காலை உருவி எடுத்தாள். வண்டியைப் பிடித்துத் தூக்கினாள், பாதி வந்து திரும்ப விழுந்தது. மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் விழுந்தது. பிறகு குத்துக்காலிட்டு, சீட்டில் தோளைக் கொடுத்து, பூட்ஸ் குதிகாலை மண்ணில் புதைத்து நெம்பினாள். எழுந்து நின்றது. சைலன்சர் பட்டு அவள் பேன்ட்டில் கெண்டைக்காலுக்குப் பக்கம் உருகிப்போயிருந்தது.

"அப்பாகிட்ட நீங்க சொல்லாதீங்க," என்றாள். "நானே சொல்றேன்."

சொல்லிவிட்டு ஏறி, இன்னொரு சுற்று முழு வேகத்தில் போனாள்! நானாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பேன்.

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது ராண்டல் குதித்துக்கொண்டிருந்தான். மேட்டுக்குப் பின்னால் அவள் சும்மா நின்றுவிட்டு வந்ததாக நினைத்திருந்தான். "கடைசிச் சுத்தைப் பாத்தியாக்கா? கோல்ட்டனே இந்த நேரத்துல வர முடியாது! ஹாலிஸ், பேசி முடிச்சுரலாம்."

"இருங்கப்பா. நீலத்தையும் ஓட்டிக்கிறேன்," என்றாள் ஜோலின்.

"அது எதுக்கு?"

நீலத்தின் மேல் ஏறி உதைத்தாள். ஒரே உதையில் நீலப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. கடிகாரம் அவளை மெதுவாகத்தான் காட்டியது. ஆனால் ஓட்டத்தில் ஒரு அழகு இருந்தது. பெரிய வண்டி அவளைச் சுமந்துகொண்டு போனது, இதை அவள் ஓட்டினாள். பஸ்காரி எனக்கே அந்த வித்தியாசம் புரிந்தது.

திரும்பி வந்து, அப்பன் கண்ணெதிரே, நின்ற வண்டியைத் தரையில் சாய்த்துப் படுக்கப் போட்டாள். குனிந்தாள், தூக்கினாள், உதைத்தாள். நான் ஐயோ என்று சொல்லி முடிப்பதற்குள் அது உறுமிக்கொண்டு நின்றது. பிறகு பெரிய வண்டியைத் தள்ளி வந்து அதையும் அதே இடத்தில் சாய்த்தாள்.

"என்னடி பண்ற?"

"பாருங்கப்பா. மேட்டுக்குப் பின்னால இது என் கால்மேல விழுந்து கிடந்தப்ப நீங்க பாக்கலையே."

ராண்டல் அப்போதுதான் உருகிய பேன்ட்டைக் கவனித்தான். அவள் தூக்கினாள். பாதியில் கை நழுவியது. மறுபடி தூக்கினாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பெற்ற மனசு கேட்குமா? ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடிக்கப் போனான்.

"கை வைக்காதீங்க!" என்று கத்தினாள். "கேட்ல நிக்க நீங்க கட்டை செஞ்சுட்டீங்க. திருப்பத்துல விழுந்தா அங்க நீங்க இருக்க மாட்டீங்கப்பா. பின்னாடி முப்பது வண்டி வரும்."

கையை எடுத்துக்கொண்டான். அவள் தோளைக் கொடுத்து நெம்பி, ஒரு வழியாக நிமிர்த்தினாள். எவ்வளவு நேரம் ஆனதென்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் இதைக் கேப்பேன். அப்ப நானா கேப்பேன். இப்ப நீலம் போதும்," என்றாள் மூச்சு வாங்க. "கோல்ட்டன் சிரிப்பான், சிரிக்கட்டும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா," என்றான் ராண்டல், பாவமாக.

"சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லு," என்றேன் நான். "அவ வயசுல நீயும் நானும் இப்படி ஒரு வார்த்தை பேசியிருப்போமா? வீறாப்புக்கு வண்டி வாங்கிக் காலை ஒடிச்சிருப்போம்." இந்தப் பெண்ணுக்கு நான் அத்தை என்று ஊர் முழுக்க ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஹாலிஸ் நீல வண்டியை எங்கள் பிக்கப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயம். கேட்டில் ஜோலின் அப்பன் செய்த கட்டையில் கால் ஊன்றி நின்றாள். நான்கு ஆள் தள்ளி நின்ற கோல்ட்டன் புல் வெட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினான். கேட் விழுந்தது. ராண்டல் கட்டையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடி வந்தான்.

முதல் திருப்பத்திலேயே நாலைந்து வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. புழுதி அடங்கியபோது நடுவில் நீலம் தெரிந்தது. ராண்டல் வேலியில் கால் போட்டான். நான் அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன்.

"விடுக்கா!"

"வராதேன்னு சொல்லியிருக்கா. நில்லுடா!"

நின்றான். கையிலிருந்த கட்டையைத் தரையில் போட்டு, வேலிக்கு மேலே பார்க்க அதன்மேல் ஏறினான். அதற்குள் அந்தக் குவியலிலிருந்து ஒரு வண்டி முதலில் நிமிர்ந்தது. ஒரே உதை. நீலப் புகை. மற்றவர்கள் இன்னும் தங்கள் வண்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, எங்கள் பிள்ளை போய்க்கொண்டிருந்தாள். ராண்டல் கட்டைமேல் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

பந்தயம் முடிந்து திரும்பும்போது சர்ச்சுக்காரர் ஒருவர் எதிரே வந்து, "உன் பொண்ணு எத்தனாவது வந்தா ராண்டல்?" என்று கேட்டார்.

அவன் அதைக் கவனித்திருக்கவே இல்லை. கட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அவ விழுந்தா. தானே வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போனா."