டாக்டரிடமும் சொன்ன பொய்

"முழங்கால்ல என்னம்மா இவ்வளவு பெரிய தழும்பு?" என்று வயிற்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், மகள் வாயைத் திறக்கும் முன் அப்பா முந்திக்கொண்டார்.

"வண்டியில விழுந்துட்டா சார். நல்ல மழை. எதிர்ல லாரி. உள்ள கம்பி வெச்சிருக்காங்க."

லாரியும் இல்லை, மழையும் இல்லை. நான்கு வருடம் முன்பு அவளுக்கு வந்தது எலும்புப் புற்றுநோய். எலும்பை வெட்டியெடுத்து உலோக மூட்டு பொருத்தினார்கள். முடியெல்லாம் கொட்டி, ஒரு வருடம் படாத பாடு பட்டுப் பிழைத்தாள். வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அப்பா செய்த ஏற்பாடுதான் அந்த லாரி. லிப்ட் பழுதுபார்க்கும் மனுஷன், எதையும் கச்சிதமாகப் பொருத்துவார். அக்கம்பக்கத்துக்கு முதலில் வெறும் லாரி. மறுவருடம் அதற்குச் சிவப்பு நிறம். பிறகு தூங்கி வழிந்த டிரைவர் ஒருவனும் வந்து சேர்ந்தான். யார் கண்ணிலாவது பட்டுத் தொலைக்குமே என்று புற்றுநோய் மருத்துவமனைப் பரிசோதனைகளையும் நிறுத்திவிட்டார். இப்போது மாப்பிள்ளையும் பார்த்து முடிவாகியிருந்தது.

பாவம், டாக்டர் என்ன செய்வார்? வயிற்றுப் புண் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "டாக்டர்கிட்டகூடவாப்பா?"

"காலுக்கும் வயித்துக்கும் என்னடி சம்பந்தம்? சும்மா வா."

இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினாள். வலி விட்டபாடில்லை. ஒரு நாள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். உடம்பில் இரத்தம் பாதிதான் இருந்தது. மீதி வயிற்றுக்குள்ளேயே கசிந்து போயிருந்தது.

அவசரப் பிரிவிலும் டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார். "வண்டியில விழுந்து..." என்று ஆரம்பித்தார் அப்பா.

படுக்கையில் கிடந்தவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள். "பொய் மேடம். எலும்புல கேன்சர் இருந்துச்சு."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலில் கட்டி. அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்து அதை அகற்றினார்கள்.

"எலும்புல வர்ற கேன்சர் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா குடல், இதயம், தோல்னு யாரும் நினைக்காத இடத்துக்கும் அபூர்வமா போறதுண்டு. இவங்களுக்குக் குடல்ல வந்தது அதுதான். பழைய நோயச் சொல்லியிருந்தா அன்னைக்கே தேடியிருப்பாங்க. இப்ப நுரையீரல்லயும் இருக்கு. எங்களால ஆனத செய்றோம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விஷயம் கேள்விப்பட்டு மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமா, என்னாச்சு? அல்சர்னுதானே சொன்னீங்க?"

சொல்ல இன்னொரு கதை அவரிடம் இல்லை.

"கேன்சர் தம்பி. நாலு வருஷமா ஊர்கிட்ட மறைச்சேன், உங்ககிட்டயும் மறைச்சேன். நீங்க இருந்தாலும் சரி, போனாலும் சரி, உங்கள குத்தம் சொல்ல மாட்டேன்." வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "நோய் வந்தது எம் பொண்ணோட தப்பு இல்ல. அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. வெக்கப்பட்டு டாக்டர்கிட்டயே மறைச்சேன் பாருங்க, அதான் தப்பு. எந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் பழைய வியாதிய முதல்ல சொல்லிடுங்க. நான் சொல்லல. அந்த ரெண்டு மாசத்த இனி எங்க போய் வாங்குவேன்?"