தொட்டி பூத்திருக்கு

ஒரே ஒரு வார்த்தைதான். அதுவே தையல்காரரின் கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது.

தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த மனைவி காலையில் போன் செய்தபோது, அவர் “தொட்டி பூத்திருக்கு” என்றார். பொய்யில்லை. பால்கனியில் ரோஜாச்செடி நின்ற மண்தொட்டியின் வெளிப்புறமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்புப் பூத்துக் கிடந்தது. மேற்கொண்டு சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அடுத்து வந்தது மச்சானின் அழைப்பு. “மாமா, அக்கா இப்பவே வண்டி ஏறிட்டா. ரோஜா பூத்துடுச்சாமே? தெரு முழுக்கச் சொல்லி முடிச்சாச்சு.”

“ரோஜா இல்ல மாப்ள. உப்பு.”

மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு. “செத்தீங்க மாமா.”

அவன் சும்மா சொல்லவில்லை. இதுவரை தையல்காரர் கையில் ஒப்படைத்த செடியெல்லாம் வரிசையாகப் பரலோகம் போயிருந்தது. கிளம்பும்போதே மனைவி சொல்லியிருந்தாள்: “இதுதான் கடைசி. திரும்பி வர்றப்போ இது சரியில்லைன்னா தம்பிகிட்ட கொடுத்துடுவேன். பால்கனியில துணி காயப் போட்டுக்கலாம்.” அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்காவிட்டால் அவருக்கு மிஷின் மிதிக்கக் கால் வராது.

“ஒரு வழி இருக்கு,” என்றான் மச்சான். “கடையில ஒரு ரோஜா வாங்கிக் கிளையோட தைச்சுடுங்க. உங்க தையல் யார் கண்ணுக்குத் தெரியும்?”

பச்சை நூல்கண்டுவரை கை போய்விட்டது. பிறகு யோசித்தார். கிழிசலைத் தைத்து மறைக்கலாம். பொய்யைத் தைத்தால் அவள் வாசலிலேயே பிரித்துவிடுவாள்.

துணித்தூசி தட்டும் பிரஷை எடுத்தார். உலர்ந்த பிரஷ் பட்டதும் வெள்ளை மாவாக உதிர்ந்தது. அடம்பிடித்த இடங்களை, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால், மண்ணில் ஒரு சொட்டும் விழாமல் துடைத்தார். செங்கல் நிறம் மெல்ல எட்டிப் பார்த்தது. கடைசியாக, பிடித்துவைத்த மழைநீரை அடித்துளை வழியாக வெளியேறும்வரை ஊற்றினார். மண்ணுக்குள் இருக்கும் உப்பும் போகட்டும்.

அழைப்பு மணி.

பையைக்கூட இறக்காமல் மனைவி பால்கனிக்குப் போனாள். “எங்க பூ?”

“தேய்ச்சுக் கழுவிட்டேன்.”

“பூவையா?”

“உப்புப் பூவை. தொட்டி பூத்திருக்குன்னுதானே சொன்னேன். செடின்னு நான் சொல்லலையே.”

அவள் செடியைப் பார்த்தாள். இலைகள் பச்சைப்பசேலென்று நின்றன. தொட்டியைச் சுற்றி விரலை ஓட்டினாள். சுவர்ப் பக்கம் விரல் நின்றது. அங்கே காசளவு வெள்ளை. அவர் மூச்சும் நின்றது.

“பரவாயில்லை, எனக்குன்னு ஒரு பூ விட்டு வச்சிருக்கீங்க.” சிரித்த சிரிப்பில் பை தோளிலிருந்து நழுவியது.

“அப்போ... மாப்ளைக்கு?”

“அவன் வேற வாங்கிக்கட்டும். பூக்கலன்னாலும் உயிரோட வச்சிருக்கீங்களே, அதுவே அதிசயம். இனிமே குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, அதுலதான் உப்பு. போய் டீ போடுங்க.”

அவர் இரண்டு டம்ளரோடு திரும்பியபோது, அவள் வினிகர்த் துணியால் அந்தக் கடைசிப் பூவைப் பறித்துக்கொண்டிருந்தாள்.