குந்தி எழும்புகிற வயது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, என்னைப் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட வேண்டாம்.

பாரம் தூக்கப் பழகுகிற இடத்தில், ஒரு மனிதர் தன் பைக்குள் சின்ன மண்ணிறப் போத்தல் ஒன்றை ஒளித்து வைப்பதைக் கண்டேன். அவர் பெயர் இரத்தினசிங்கம். வயது ஐம்பத்தாறு. (இந்த எண்ணை இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்.) அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இரக்கத்தில் பிறக்கிற கதைகள் உண்டு, கோபத்தில் பிறக்கிறவை உண்டு. இது சந்தேகத்தில் பிறந்தது. ஆகவே இதில் வருகிற யாரையும் நான் நல்லவர் என்று சொன்னால், கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "1977ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், மெல்பேண் குளிர் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்—"

விட்டுவிட்டேன். குளிரை வைத்துத் தொடங்குகிறவனிடம் சொல்ல வேறொன்றும் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது: "இரத்தினசிங்கம் ஒரு மோசக்காரர்."

நல்ல தொடக்கம். உண்மையா என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாவது: "கணக்காளர் இரத்தினசிங்கம் இந்த நாட்டுக்கு வந்தபோது அவரிடம் இரண்டு கோட்டுகளும் ஒரு மனைவியும்—"

அவருடைய மனைவி விமலாதேவி அக்கா இதை வாசித்தால் நான் தொலைந்தேன். கோட்டுக்குப் பிறகா மனைவி? அடித்துவிட்டேன்.

3

மெல்பேணின் புறநகரான ஸ்பிரிங்வேலில் ரயில் பாதையோரம் ஒரு பழைய கோழித்தீன் கிடங்கு இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்து ஆந்திரிஸ் என்கிற லத்வியாக்காரன் பாரம் தூக்கப் பழக்குகிறான். யுத்தம் முடிந்து கப்பலில் வந்தவன். இன்றைக்கும் அந்த இடத்தில் தவிட்டு மணம் போகவில்லை.

ஆந்திரிஸிடம் பயிற்சி என்பது வயதுக் கணக்கு. இளம் பெடியள் கிழமைக்குக் கிழமை பாரம் கூட்டலாம். நாற்பதைத் தொட்டவர்கள் மாதத்துக்கொருமுறை. ஐம்பதுக்கு மேல், உடம்பு சம்மதித்தால் மட்டும். அறுபது முடிந்துவிட்டால் பெரிய பாரமே கிடையாது. இலேசானதைப் பலமுறை தூக்கலாம், அல்லது வாசலில் நின்று மற்றவர்களைத் திட்டலாம். ஒருமுறை ஒரு கிழவர் அவன் கண்முன்னால் பாரம் ஏற்றிய இரும்புத் தண்டோடு சேர்ந்து விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. அதில் அவன் ஒருவர் சொல்வதையும் கேட்கமாட்டான், தளரவும் மாட்டான்.

தமிழர் மூன்று பேர் போகிறோம். கேதீஸ்வரன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், இருபத்துமூன்று வயது. முதல் ஆறு மாதம் புயல் மாதிரி ஏறினான், பிறகு நின்றுவிட்டான், இப்போது இரும்போடு கோபித்துக்கொண்டிருக்கிறான். அடுத்தது நான், யோகேஸ்வரன், நாற்பத்தொன்று. போன தைப்பொங்கலுக்கு என்ன தூக்கினேனோ அதையேதான் தூக்குகிறேன். மூன்றாவது இரத்தினசிங்கம் அண்ணை. அவர் மட்டும் ஏறிக்கொண்டே போனார்.

குந்தி எழும்புதல்* என்பதில் அவர் நூற்றுமுப்பத்தைந்து கிலோவுக்கு வந்துவிட்டார். அடுத்தது நூற்றுநாற்பது.

(* தோளில் இரும்புத் தண்டை வைத்துக்கொண்டு, தொடை நிலத்துக்குச் சமமாக வரும்வரை குந்தி, திரும்ப எழும்புவது. எழுதச் சுகமாக இருக்கிறது.)

நான் முதலில் தண்டில் மாட்டுகிற பாரத் தட்டுகளைச் சந்தேகித்தேன். அவர் பாவிக்கிற தட்டு ஒன்றை ஓவர்கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியலறைத் தராசில் வைத்தேன். நிறை சரியாக இருந்தது. அதன்பிறகு தராசைச் சந்தேகித்தேன். அதற்குப் பிறகுதான் போத்தலைக் கண்டது.

"அந்தாள் ஏதோ எடுக்குதண்ணை," என்றான் கேதீஸ்வரன். "நோர்மலா இந்த வயசில இப்பிடி ஏறேலாது."

"என்னத்தை எடுக்கிறார்?"

"ரஷ்யாக்காரர் போட்டிக்கு முதல் பலத்துக்கு எடுக்கிற குளிசையாம். டெபினிட்லி."

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? குளிசை விழுங்குகிறவரிடம் தோற்பது தோல்வியே அல்ல.

4

சந்தேகத்தைத் தீர்க்க அவர் வீட்டுக்குப் போனேன். கையில் சாட்டுக்கு மா அரிக்கிற அரிதட்டு ஒன்று, எப்போதோ இரவல் வாங்கியது. அண்ணை கந்தோரில் வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

குசினியில் விமலாதேவி அக்கா ஒரு பித்தளைக் கும்பத்தைப் புளிபோட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் மஞ்சள் பூசிய புதுக் கயிறு. மாவிலைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு எலுமிச்சை இலை ஒரு கொத்து, தண்ணீரில் நின்றது.

"ஆருக்கக்கா கலியாணம்?"

"எனக்குத்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வாற ஞாயிறு இவருக்கு அறுபது முடியுது, தம்பி. பூசை செய்து, திரும்பத் தாலி கட்ட வேணுமெல்லே. இங்க கோயிலுமில்லை, ஐயருமில்லை. நாங்களே ஒருமாதிரிச் செய்வமெண்டு இருக்கிறம்."

"அறுபதோ? அண்ணைக்கு ஐம்பத்தாறெல்லோ?"

"அது கந்தோர் வயசு. பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க இவற்ற அப்பா நாலு வயசைக் குறைச்சுப் போட்டார், பிறகு கிளறிக்கல் உத்தியோகச் சோதனைக்கு வயசு போகாமல் இருக்க. எங்கட ஊரில அப்ப ஆர்தான் செய்யேல்லை? பாஸ்போட்டிலயும் அதுதான். இனி மாத்தப் போனா, பொய் சொல்லி நாட்டுக்குள்ள வந்ததெண்டு சொல்லுவாங்களெண்டு இவருக்குப் பயம்."

ஆந்திரிஸ் வயது கேட்டபோதும் அண்ணை பொய் சொல்ல நினைத்திருக்கமாட்டார். கேட்டால் வாயில் வருவது கந்தோர் வயதுதான்.

"போத்தலொண்டு வைச்சிருக்கிறார் அக்கா," என்றேன். கேட்க வந்ததே அதைத்தான்.

"நெஞ்சு நோகேக்க நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை. போன வருசத்திலயிருந்து. டொக்டரிட்டை எக்ஸசைஸ் செய்யிறன் எண்டு சொல்லியிருக்கிறார். என்ன எக்ஸசைஸ் எண்டு அவரும் கேக்கேல்லை, இவரும் சொல்லேல்லை."

பிறகு அக்கா கும்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஞாயிறு காலமை அந்த நூற்றிநாப்பதைத் தூக்கிப்போட்டு வந்துதான் தாலி கட்டுவாராம். நான் வேண்டாமெண்டு சொன்னா நூற்றைம்பது போடுவார். நீங்கள் ஆந்திரிசிட்டைச் சொல்லுங்கோ, தம்பி. வயசை மட்டும் சொன்னாக் காணும், அவர் விடமாட்டார். நான் சொன்னனெண்டு தெரியவேண்டாம்."

5

மேலே அக்கா கண்ணைத் துடைத்தார் என்று எழுதியது பொய். அவர் அழவில்லை. கோபமாக இருந்தார். கோபமாக இருக்கிற பெண்ணின் பேச்சை மீறி நான் சும்மா இருந்தால் நீங்கள் என்னைத் திட்டமாட்டீர்கள். அழுகிற பெண்ணின் பேச்சை மீறினால் திட்டுவீர்கள். என்மேல் ஒரு நெருக்குதல் வேண்டும் என்பதற்காக அவர் கண்ணில் தண்ணீர் வைத்தேன். அதை எடுத்துவிட்டு வாசியுங்கள்.

எடுத்த பிறகும் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. சொன்னால் அண்ணை உயிரோடு இருப்பார், ஆனால் கிடங்கு வாசலில் நிற்கிற கிழவராக. வயது விஷயம் வெளியே போனால் வேலைக்கும் வில்லங்கம் வரலாம். சொல்லாவிட்டால், ஒரு நோய் நெஞ்சுக்கு மேலே நூற்றுநாற்பது கிலோ.

சொல்லிவிடுவதுதான் சரி என்று பட்டது. உடனே எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. எட்டு மாதமாக இந்த மனிதர் விழவேண்டும் என்று தட்டுகளை நிறுத்துப் பார்த்தவன் நான். இப்போது திடீரென்று அவருடைய நெஞ்சில் எனக்கு என்ன அக்கறை? சரியான காரியத்தை இப்படிப்பட்ட ஆள் செய்தால், அது சரியான காரியம்தானா?

(இந்தப் பந்தி கட்டுரை மாதிரிப் போகிறது என்று தெரிகிறது. கதாசிரியன் யோசிக்கத் தொடங்கினால் ஏதோ செய்யாமல் தப்பப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.)

6

இன்று சனிக்கிழமை. நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே எழுதி முடித்துவிட்டால் நிம்மதி என்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. நான் சொல்கிறேன். ஆந்திரிஸ் அவரைத் தண்டுக்குக் கிட்டவும் விடவில்லை. அண்ணை வீட்டுக்குப் போய்த் தாலி கட்டி, இன்னும் இருபது வருடம் கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்க்கிறார். என்னோடு பேச்சில்லை.

இரண்டு. சொல்லவில்லை. அவர் எழும்பிவிடுகிறார், எல்லோரும் கைதட்டுகிறோம். இதை எழுதும்போது கை விறுவிறு என்று ஓடியது. அதனாலேயே நம்பவில்லை.

மூன்று. ஆந்திரிஸிடம் போய்ச் சொல்கிறேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, தானும் கப்பலேறும்போது வயதை மாற்றிக் கொடுத்தவன்தான் என்கிறான். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடிக்கிறார்கள். வாசகருக்கு மிகவும் பிடிக்கும். அப்படி ஒன்றும் அவன் என்னிடம் சொன்னதில்லை.

நான்கு. சொல்லவில்லை. அவர் எழும்பவில்லை. நான் அவர்களுடைய வீட்டு மணியை அடிக்கிறேன், அக்கா புதுச்சேலையோடு கதவைத் திற—

முடியாது. இதை என்னால் எழுத முடியாது.

7

நான்காவதை அடித்துக்கொண்டிருக்கும்போது இரத்தினசிங்கம் அண்ணையே என் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். மேசையில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். தட்டை வீட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். மோசக்காரர் என்கிற வசனத்தைத் தாண்டி அடுத்த தாளை எடுத்தார்.

"ஆந்திரிசிட்டைச் சொல்லிப்போட்டீரோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"சொல்லப் போறீரோ?"

"தெரியேல்லை. உங்களுக்கு நெஞ்சு சரியில்லை. அக்கா பாவம்."

"பாவந்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை." தன் உள்ளங்கையில் இருந்த காய்ப்பைத் தடவினார். "தம்பி, கந்தோருக்கு எனக்கு ஐம்பத்தாறு. விமலாவின்ர கணக்கில அறுபது. டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைச்சுப்போட்டு எழுபது வயசு நெஞ்செண்டார். ஆருக்கு எத்தினை சொல்லவேணுமெண்டு யோசிச்சு யோசிச்சே காலம் போயிட்டுது. அந்தப் பாரத்தோட கீழ போய்க் குந்தேக்க மட்டும்தான் எனக்கு என்ன வயசெண்டு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒருக்கா அதைப் பாக்கவேணும். பிறகு விட்டிடுவன்."

"பிறகு விட்டிடுவன்" என்பதை நான் நம்பவில்லை. மற்றதெல்லாவற்றையும் நம்பினேன். நம்பியது எனக்கே புதினமாக இருந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதோடு, அவர் சாகக்கூடாது என்றும் இருந்தது.

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நாளைக்கு நீர் வலப்பக்கம் நில்லும். ஆந்திரிஸ் முன்னுக்கு நிண்டு, குந்தின ஆழம் போதுமோ எண்டு பாப்பான். நான் 'பிடி' எண்டால்தான் நீர் தண்டில கை வைக்கலாம். அதுக்கு முதல் விரல் பட்டாலும் அது கணக்கில்லை."

"நீங்கள் சொல்லாட்டி?"

"நான் சொல்லமாட்டன்," என்றார். "போயிட்டு வாறன்."

8

ஆந்திரிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கமுன் வைத்துவிட்டேனா, அவன் வீட்டில் இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆகவே கதை இந்த இடத்தில் நிற்கிறது. நாளைக் காலை அண்ணை தண்டுக்குக் கீழே தோளைக் கொடுப்பார். குந்துவார். பாதிவரை எழும்புவார். அந்தப் பாதியில் அப்படியே நிற்பார், முழங்கால் நடுங்கும், முகம் கறுக்கும், வாய் திறக்கமாட்டார். அதற்குப் பிறகு அவர் மேலே வருவாரா என்பது என் கையில் இல்லை. ஆனால் தண்டைப் பிடிப்பது என் கையில் இருக்கிறது. நேரத்தோடு பிடித்தால் அந்த மனிதரிடம் இருந்த கடைசி வயதையும் பறித்தவன் நான். பிந்திப் பிடித்தால் விமலாதேவி அக்காவுக்கு நான் யார்? அந்தக் கை இரக்கத்தில் நீண்டதா, பொறாமையில் நீண்டதா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

பாரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இடப்பக்கம் கேதீஸ்வரன் நிற்பதாக இருந்தது. வியாழக்கிழமை கோபத்தில் பாரத்தைக் கூட்டி முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அந்தப் பக்கம் காலி.

இவ்வளவு தூரம் வாசித்த நீங்கள் அங்கே வந்து நில்லுங்கள். உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் வேறு ஆள் இல்லை. கைகளைத் தண்டுக்குக் கீழே, தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணையின் முகத்தைப் பாருங்கள். எப்போது பிடிப்பது என்று என்னைப் பார்க்காதீர்கள்.