பல் டாக்டரின் டர்போ

பல் டாக்டர் வாங்கிய நான்கு இருக்கை விமானம் அவரைவிட இரண்டு வயது மூத்தது. அது அவரை உறுத்தியது. மூக்கில் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே டர்போவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெட்ரோலில் ஓடும் சாதாரண எஞ்சின்.

அந்தச் சனிக்கிழமை மனைவியையும் மச்சினனையும் அழைத்துக்கொண்டு பறக்க விமானத் தளத்துக்கு வந்தார். வழக்கமாக பெட்ரோல் போடுகிறவர் விடுப்பு. பதிலுக்கு வந்தவர் பெரிய விமானங்களோடு பழகியவர். ஸ்டிக்கரைப் படித்தார், ஜெட் எண்ணெயில் ஓடும் வகை என்று எண்ணி, அதன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த எண்ணெய் மண்ணெண்ணெயின் பங்காளி. குழாயின் அகன்ற மூக்கு டேங்கின் சின்ன வாயில் நுழையவில்லை. நுழையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அவரோ சாய்த்துப் பிடித்து, சிந்தச் சிந்த ஊற்றினார்.

டாக்டர் இறக்கையில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். நீட்டிய ரசீதில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"என்னங்க, மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது" என்றாள் மனைவி.

"பின்ன, சென்ட் வாசமா அடிக்கும்? ஏறு."

"மாமா, விமான பெட்ரோல்னா நீலமா இருக்கும், டேங்க் அடியில கொஞ்சம் பிடிச்சுப் பாக்கணும்னு சொல்வீங்களே?" என்றான் மச்சினன்.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க செய்யறதுடா."

எஞ்சின் குழாயில் மிச்சமிருந்த பழைய பெட்ரோல் அவர்களை மரியாதையாக மேலே தூக்கிவிட்டது. மரங்களைத் தாண்டியதும் எஞ்சின் டமடமவென்று அடித்துக்கொண்டது. பிறகு நின்றே போனது. டாக்டர் பதறி, ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்தார்.

"திரும்பாதீங்க, விழுந்துடுவோம்! நேரா இறக்குங்க!" என்று மனைவி கத்தினாள். பைலட் பரீட்சைக்கு அவரை ராப்பகலாக ஒப்பிக்க வைத்தவள் அவள்தான். பயத்தில் அவர், அவள் சொன்னபடி கேட்டார். விமானம் உருளைக்கிழங்கு வயலை உழுதுகொண்டு போய் நின்றது. சக்கரங்கள் பிய்ந்தன, மச்சினனுக்குக் கை முறிந்தது. உயிர் மூன்றும் தப்பின.

விசாரணையில் டாக்டர் எகிறினார். "டர்போவுக்கும் ஜெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் எதுக்கு சார் வேலைக்கு?"

"உங்க விமானத்துல டர்போ இருக்கா, டாக்டர்?" என்றார் விசாரணை அதிகாரி.

அதிகாரி ரசீதை எடுத்து வைத்தார். "ஜெட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. இது யார் கையெழுத்து?"

"அவசரத்துல..."

ஊற்றியவருக்கு வேலை போயிற்று. டாக்டரின் பறக்கும் உரிமத்தை ஒரு வருடத்துக்கு முடக்கினார்கள்.

இப்போது அவர் கிளினிக்கில், எண்ணெய்க்காரனின் சதியையும் தன் தீரத்தையும் எல்லா நோயாளிகளிடமும் விவரிக்கிறார். வாயில் பஞ்சு வைத்த பிறகுதான் ஆரம்பிப்பார். இதுவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.